கன்னு வீசின மாடும் கொத்தனார் இடுப்பும்

மிருகத்துகிட்டேர்ந்து மனுஷனுக்கு என்ன வியாதி தொத்துதுன்னு கண்டுபுடிக்கறது என் பொழப்பு. இதுல மிருகம் ஒத்துழைக்கும், மனுஷங்கதான் உதைப்பாங்க. லாஸ்பேட்டையில ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல வேலை. "டாக்டர்னு சொல்றாங்களே, ஊசி போடுவியா?"ன்னு கல்யாண வீட்டுல கேட்டு, "இல்லீங்க"ன்னதும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு பாயசத்தப் பாக்கப் போயிடுவாங்க பாருங்க, அப்படி அவமானப்பட்ட அத்தன பேரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் இத எழுதறேன்.

ஆலமரத்து மூட்டை

தவளக்குப்பம் தாண்டி ஒரு கிராமம். மாடு கன்னு போட்டதும் விழற இளங்கொடிய, வைக்கோல் சுத்தி சாக்குல கட்டி ஆலமரத்துல தொங்க விடுவாங்க. பால் வடியற மரமாச்சே, மாட்டுக்கும் பால் ஊறும்னு நம்பிக்கை. எனக்கு அந்த மூட்டைதான் புதையல். மாட்டுக்குக் கன்று வீச்சு நோய், அதாவது கரு கலைஞ்சு விழற வியாதி இருந்தா, கிருமியெல்லாம் அந்தக் கொடியிலதான் குடும்பம் நடத்தும்.

ஒரு மாடு மாசம் நெருங்கற நேரத்துல கன்ன வீசிடுச்சுன்னு சேதி வந்துது. கையுறை, முகமூடி, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கிட்டுப் போய் நின்னேன். மரத்தடியில இருந்தவங்க, "அதோ, புதுசா தொங்குதே அதான், எடுத்துக்கோ"ன்னாங்க. நானும் நம்பி அவுத்தேன். மாட்டுக்காரம்மாவுக்கு யாரும் ஒரு வார்த்த சொல்லல போல. வெளக்கமாத்தோட ஓடி வந்துது அந்தம்மா. பேரு அஞ்சலை. கன்னுதான் போச்சு, பாலாவது தங்கட்டும்னு கட்டினதாம். நான் கிருமி, பரிசோதனைன்னு ஆரம்பிச்சேன். எங்க கேக்குது?

"தே, இந்த மாடு மட்டும் கறக்கல, நாளைலேர்ந்து சொம்ப எடுத்துக்கிட்டு உன் வூட்டு வாசல்லதான் வந்து நிப்பேன்!"

வஞ்சிரமா?

கெஞ்சிக் கூத்தாடி ஒரு துண்டு மட்டும் வாங்கி, மூட்டைய மறுபடி கட்டிக் குடுத்துட்டு, ஐஸ் பெட்டியில வச்சு எடுத்துட்டு வந்தோம். வண்டி ஓட்டினது செல்வம் அண்ணன், எங்க லேப் உதவியாளர். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். பாண்டிச்சேரில ஐஸ் பெட்டியோட போனா அது மீன்தான், வேற பேச்சே கிடையாது. சிக்னல்ல நின்னப்ப செகப்புத் தொப்பி போலீஸ்காரர் ஆசையா குனிஞ்சு, "என்னாது, வஞ்சிரமா? கிலோ என்னா வெல?"ன்னாரு. நான் தொடையில கிள்ளறதுக்குள்ள அண்ணன், "மாட்டு இளங்கொடி சார், வியாதி இருக்கான்னு பாக்கப் போறோம்"னுட்டாரு. போலீஸ்காரர் பின்னால போன வேகம் இருக்கே!

"சிக்னல் கெடக்குது, நீ மொதல்ல கெளம்புய்யா!"

சுவத்தப் பாத்துப் படுத்தவர்

நோய் இருந்துது. சொல்றதுக்கு அஞ்சலை வீட்டுக்குப் போனா, பட்டப்பகல்ல அவங்க வீட்டுக்காரர் கலியபெருமாள் சுவத்தப் பாத்துப் படுத்திருந்தாரு. டவுன்ல கொத்தனார். மாசக்கணக்கா சாயங்காலம் ஆனா ஜுரம், வேர்வை. ஏணி ஏறினா இடுப்பு விட்டுப் போவுதாம். பாக்கறவங்க எல்லாம் வைரல்னு மாத்திரை குடுத்து அனுப்பியிருக்காங்க. "காலைல பாரு, கல்லு மாதிரி இருப்பாரு. வேலைன்னாதான் நோவு. சோம்பேறித்தனத்துக்கு மருந்து இருந்தா சொல்லும்மா"ன்னுது அஞ்சலை. மனுஷன் திரும்பவே இல்ல. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

"கன்ன வெளிய இழுத்துப் போட்டது யாரு?"ன்னு கேட்டேன். இவருதானாம். போன ஈத்துலயும் இவரேதானாம், வெறுங்கையால. மாட்டுகிட்டேர்ந்து மனுஷனுக்கும் இது தொத்தும், தொத்தினா இப்படித்தான் விட்டு விட்டு ஜுரம் அடிக்கும்னு சொன்னேன். அப்பதான் மெதுவா திரும்பினாரு.

"மேடம், மாட்டுக்கு மட்டும்தான் பாப்பீங்களா, எனக்கும் கொஞ்சம் பாப்பீங்களா?"

ஆஸ்பத்திரி வராந்தா

நான் மனுஷனுக்கு ஊசி போடற டாக்டர் இல்லியே. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி, மாட்டோட கதையையும் சொல்லி, ரத்தம் குடுக்க வச்சேன். அதே கிருமிதான். நாள் பட ஆவும், மாத்திரைய நடுவுல நிறுத்தாம சாப்பிட்டா சரியாயிடும்னு டாக்டர் சொன்னாரு. கலியபெருமாளுக்கு அப்படி ஒரு சிரிப்பு. வியாதி இருக்குன்னு கேட்டுச் சந்தோஷப்பட்ட ஆள நான் அன்னைக்குத்தான் பாத்தேன். அஞ்சலை வராந்தாவுக்கு வந்ததும் அவரு கையப் புடிச்சுக்கிச்சு.

"யோவ், அப்ப நெசமாவே வலிச்சுதாய்யா உனக்கு?"

தரகர் வந்த அன்னைக்கு

அவருக்கு மருந்து இருக்கு, மாட்டுக்கு இல்ல. தனியாக் கட்டணும், இனிமே சினைக்கு விடக்கூடாது, கொதிக்காத பால யாரும் தொடக்கூடாது, பாலயும் மாட்டயும் விக்கவே கூடாதுன்னு கால்நடை டாக்டர் சொல்லிட்டுப் போனாரு. சொல்றது சுலபம். வீட்டுக்காரர் வேலைக்குப் போவல, பால் ஊத்துறதும் நின்னுடுச்சு, அந்த வீட்டுல அடுப்பு எப்படி எரியும்? நான் அவங்க வாசல்லயே ஊரு மாடுங்களுக்கு ரத்தம் எடுத்துக்கிட்டிருந்தப்பவே மாட்டுத் தரகர் வந்துட்டாரு. மாடு பாக்க மழமழன்னு இருந்துது. தட்டிப் பாத்துட்டு, "இப்பவே ஓட்டிக்கிட்டுப் போறேன்"னு நல்ல வெலையா சொன்னாரு. அஞ்சலை மாட்டப் பாத்துது, உள்ள படுத்திருந்த புருஷனப் பாத்துது. வித்துட்டா யாருக்கும் தெரியாது. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு "விக்காதே"ன்னு மறுபடி சொல்றது? அஞ்சலை முந்தானைய ஒதறி இடுப்புல சொருவிக்கிச்சு.

"மாட்டுக்கு வியாதி, நீ போ. வாங்கறவனும் நாளைக்கு இடுப்பப் புடிச்சுக்கிட்டு படுப்பான், அவன் பொண்டாட்டியும் அவன சோம்பேறின்னு திட்டுவா. அந்தப் பாவம் என்னோட போவட்டும்."

ஓடிப் போய்க் கட்டிப் புடிச்சுக்கணும் போல இருந்துது, ஆனா முழங்கை வரைக்கும் மாட்டு ரத்தமும் சாணியும். நம்ம பொழப்புல பாசத்தக்கூட எட்ட நின்னுதான் காட்ட முடியும்.