கசியும் கதவு

கல்முனையில், இதயத்தை ஸ்கேன் செய்யும் அறைக்கு வெளியே, என் முறைக்குக் காத்திருந்தபோது அவரைச் சந்தித்தேன். சம்மாந்துறைப் பக்கம் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை. வெயிலில் கறுத்த முகம், வெள்ளைத் தொப்பி. வலது உள்ளங்கையை நெஞ்சில் அழுத்தியபடியே இருந்தார். தேநீர் வந்தபோதும், இடது கையை நெஞ்சில் வைத்த பிறகுதான் வலது கையை எடுத்துக் கோப்பையைப் பிடித்தார்.

எங்கள் இருவருக்கும் டாக்டர் சொன்ன பதில் ஒன்றுதான். வால்வில் இலேசான கசிவு, பயப்பட ஒன்றுமில்லை, மருந்தும் வேண்டாம், அடுத்த வருடம் வந்து பார்த்தால் போதும். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவருக்கு இல்லை.

“வால்வெண்டா கதவுதானே தம்பி?”

“ஓம் காக்கா. ரத்தம் திரும்பி வராம மூடுற கதவு,” என்றேன். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

“வாய்க்கால் கதவு கசியக்குள்ள, அடுத்த வருசம் பார்ப்பம் எண்டு நான் ஊட்டுக்குப் போனா, விடிய வரம்பு இரிக்குமா?”

“இது வாய்க்கால் இல்ல காக்கா. கனபேருக்கு இப்பிடிக் கொஞ்சம் கசியுமாம். ஒண்டும் செய்யாதாம்.”

“கன கதவு கசிஞ்சா வயலெல்லாம் போயிரும்,” என்றார்.

டாக்டரிடம் கேட்கலாமென்றால், அவர் அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

மதிய லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலில் அவர் என் பக்கத்தில்தான் நின்றார். தொழும்போது அக்கம்பக்கம் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டேன். ருகூவுக்குக் குனியும்போது இரு கைகளும் முழங்காலுக்குப் போக வேண்டும். அவருடைய இடது கை மட்டுமே போனது. வலது கை நெஞ்சை விட்டு அசையவில்லை.

அடுத்த ரக்அத்தில் மீண்டும் குனிந்தபோது, நெஞ்சை விட்டு இறங்க என் வலது கையும் தயங்கியது.