உறை திறந்த மோட்டார்

எங்கள் மலை ஊர்ப் பள்ளியில், பன்னிரண்டாம் வகுப்பில் நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு ரோபோ செய்தோம். இரண்டு பெரிய சக்கரங்கள், சக்கரத்துக்கு ஒரு மோட்டார், பந்தைத் தள்ள முன்னால் ஒரு தகடு. வாசலூர்பட்டிக்காரி ஒருத்திதான் ரிமோட்டைப் பிடித்து அதை ஓட்டுவாள். ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தவள். இன்னொருத்தி புரோகிராம் எழுதினாள். ஸ்குரூ, ஒயர், மோட்டார் எல்லாம் என் பொறுப்பு.

சேலத்தில் நடக்க இருந்த போட்டிக்கு நான்கு நாட்கள் இருந்தபோது பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகி ரோபோ நனைந்துவிட்டது. துடைத்து ஓட்டிப் பார்த்தோம். இடது மோட்டார் கரகரத்தது. அதை மட்டும் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

போட்டி விதிகளை முழுதாகப் படித்தவள் நான்தான். மோட்டாரின் ஒயரை வெட்டிக் குறைக்கலாம், முனையில் வேறு கனெக்டர் மாட்டலாம். உறையை மட்டும் திறக்கக் கூடாது. நான் திறந்தேன். துருவைத் துடைத்து, பல்சக்கரங்களுக்குப் புது கிரீஸ் வைத்து மூடினேன். வேகத்தைக் கூட்டவில்லை, சுத்தம்தானே செய்தோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"எப்படிடி சரியாச்சு?" என்று மறுநாள் வாசலூர்பட்டிக்காரி கேட்டாள்.

"காய வெச்சேன், சரியாயிருச்சு" என்றேன்.

போட்டியன்று ரோபோவைச் சோதித்தவர் ஓர் இளம் பெண் பொறியாளர். செல்போன் வெளிச்சத்தில் இடது மோட்டாரை வெகுநேரம் பார்த்தார். திறந்தால் தெரியட்டும் என்று உறையின் ஸ்குரூ மேல் கம்பெனியில் வைத்த சிவப்புப் பெயின்ட் உடைந்திருந்தது.

"இதைத் திறந்தீங்களா?"

"இல்லீங்க மேடம். ஒயர மட்டுந்தானுங்க வெட்டுனோம்" என்றாள் வாசலூர்பட்டிக்காரி. கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள்.

"நாந்தானுங்க தொறந்தேன். இவங்களுக்குத் தெரியாதுங்க" என்றேன். "தொடச்சு கிரீஸ் வெச்சேன், அவ்வளவுதானுங்க."

"நம்புறேன் கண்ணு. ஆனா ஒவ்வொரு மோட்டாரையும் பிரிச்சு, உள்ள என்ன மாத்துனாங்கன்னு எங்களால பார்க்க முடியாது. அதனாலதான் திறக்கவே கூடாதுங்கறோம். வேற மோட்டார் இருக்கா?"

இல்லை. அதைக் கழற்றிவிட்டு ஒரே மோட்டாரோடு ஆடலாம் என்றார்.

ஆடினோம். ரோபோ நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. மணி அடிக்கும்வரை அவள் ரிமோட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. எதிர் அணி தள்ளிய பந்துகளை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று. அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

திரும்பும்போது பஸ் மலையேறத் தொடங்கிய பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா யாருகிட்டயாவது வேற மோட்டார் கேட்டு வாங்கியிருக்கலாமே புள்ள. நாலு நாள் இருந்துச்சே."

"ம்" என்றேன். அது எனக்குத் தோன்றவே இல்லை என்பதைக்கூடச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"மழையில நனஞ்சு ஒரு மோட்டார் போயிருச்சுங்க டீச்சர்" என்றாள் அவள், என் பக்கம் திரும்பாமல். எங்களோடு சேலம் வந்திருந்த இயற்பியல் சாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நானும் அதைத் திருத்தவில்லை. பிறகு மூவரும் வகுப்புக்குப் போனோம். அன்றைக்குக் கணக்குப் பரீட்சை. எல்லாக் கேள்விக்கும் விடை எழுதினேன்.