ஏணியில் அண்ணன் நின்ற படி

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், தொழிலாளர்களுக்கென வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்கு அந்த ஆய்வாளர் வந்தது தீபாவளிக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. புதன் என்று என் மனைவி இன்றும் சாதிக்கிறாள். அன்று தண்ணீர் லாரி வந்தது. லாரி வருவது செவ்வாயில்தான்.

பெங்களூரில் சமூகவியல் ஆராய்ச்சி செய்யும் இளம்பெண் அவர். சுரங்கம் மூடிய ஊரில் குடும்பங்கள் எவ்வளவு நலமாக இருக்கின்றன, ஓய்வூதியமும் ரேஷனும் அதற்கு எந்த அளவு உதவுகின்றன என்று கேட்டு வந்திருந்தார். ஒரு கேள்விக்காக ஏணிப் படம் ஒன்றைக் காட்டினார். பத்துப் படிகள்; எண் எதுவும் போடவில்லை. உச்சிப்படி மிக நல்ல வாழ்க்கை, அடிப்படி மிக மோசமான வாழ்க்கை. நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்?

கணவனையும் மனைவியையும் தனித்தனியே கேட்பது அவர்கள் முறை. ஒருவர் பதில் மற்றவருக்குத் தெரியக் கூடாது. பக்கத்து வீட்டு அண்ணனிடம் அது பலிக்கவில்லை. சுரங்கத்தில் பாறை துளைத்துத் துளைத்துக் காது மந்தமானவர். ரகசியத்தையும் கத்தித்தான் சொல்வார். அண்ணி தம் முறை வந்தபோது 'எட்டு' என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டில் என் மனைவியோடு முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

"ரெண்டும்மா! ரெண்டு!"

அண்ணியின் கை மாவிலேயே நின்றது. "கேட்டீங்களா? பத்துக்கு ரெண்டாம்! இத்தினி வருசம் ஆக்கிப் போட்டதுக்கு ரெண்டு!"

"வேற கேள்வியா இருக்கும் அண்ணி" என்றேன்.

"எனக்கும் அதே ஏணியத்தான் காட்டுச்சு அந்தப் பொண்ணு."

மாவுக் கையோடு அவர் புறப்பட, நானும் பின்னாலேயே ஓடினேன். அங்கே ஆய்வாளர் கவலையோடு, "ராத்திரி தூக்கம் வருதா சார்? மனசு விட்டுப் பேச யாராவது இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு கீழ்ப்படியைச் சொல்பவர்களுக்கு உதவி ஏற்பாடு செய்யவேண்டுமாம்.

"இன்னாய்யா கொறை வச்சேன் உனக்கு?" என்று நுழைந்தார் அண்ணி.

அண்ணன் விழித்தார். "ரெண்டுக்கு இன்னா கொறைச்சல்? ஒண்ணே சொல்லியிருப்பேன். சர்க்கரை கீது, முட்டிவலி கீது. அதான் ரெண்டு."

"ஒண்ணா!" அண்ணி முந்தானையை இழுத்துச் செருகினார். "பையனுக்கு போன் போடறேன். பெங்களூருக்கே போயிடறேன். நீ ரெண்டுலயே கெட!"

குடும்ப நலத்தை அளக்க வந்த இடத்தில் ஒரு குடும்பம் பிரிவதைப் பார்த்து ஆய்வாளருக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. படத்தை அண்ணன் முன்னால் நீட்டினார். "எந்தப் படின்னு வெரல வச்சுக் காட்டுங்க சார்."

அண்ணனின் விரல் உச்சிக்கு அடுத்த படியில் போய் நின்றது.

"இது கீழருந்து ஒம்பது சார்!"

"கீழருந்து எவன்மா எண்ணுவான்? சொரங்க ஷாஃப்ட்ல லெவல மேலருந்துதான் எண்ணுவோம். ஒண்ணாவது லெவல்னா வெளிச்சத்துக்குப் பக்கம். எறங்க எறங்க நம்பரும் ஏறும், சூடும் ஏறும்."

அண்ணி குடியாத்தம் பக்கத்துப் பெண், சுரங்கத்துக்குள் இறங்காதவர். ஏணி ஏறுகிறவர்கள்போலக் கீழிருந்து எண்ணியிருந்தார். ஆய்வாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அப்போ இந்த லைன்ல மூணு, நாலுன்னு சொன்ன தாத்தாங்க எல்லாரும்?"

"எல்லாம் ஜாலியா கீறவங்க!" என்றார் அண்ணன்.

நாங்கள் சிரித்து ஓய்ந்தபோது அண்ணி மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ என்னவிட இவரு ஒரு படி மேல நல்லா கீறாரா?"

"ஆக்கிப் போடறது நீ, துன்றது நானு. பின்ன?"

"மேடம், எனக்கு ஏழுன்னு மாத்திக்கங்க. இவரு தெனம் டீ போட்டுக் குடுத்தா அப்புறம் பாக்கலாம்."

ஒருமுறை சொன்ன பதிலை அப்படியெல்லாம் மாற்ற முடியாதென்றார் ஆய்வாளர். அண்ணி காதில் வாங்கவில்லை. கையிலிருந்த மாவை உதறிவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, அண்ணனைப் பார்த்தார். அண்ணன் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் லைன் முழுக்கக் கேட்டது: "டீத்தூளு எங்க கீது?"