கேட்காமல் வைத்த குழம்பு

எனக்கு வேலை சிதம்பரத்தில், வீடு கடலூர் செம்மண்டலத்தில். முதலில் வீடு திரும்புகிறவர் என் கணவர் என்பதால், ராத்திரிச் சமையல் அவருடையது என்று முடிவானது. வெறும் பேச்சுதான். நான் பஸ் ஏறியதும் போன் அடிக்கும்.

"புளி எங்க வச்ச?"

"கொதிக்குது, மீனப் போடலாமா?"

கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி, பஸ்ஸே கேட்கக் குழம்பு வைத்தது நான்தான்.

ஒருநாள் போனே வரவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தீய்த்துவிட்டாரா? கேஸை அணைத்தாரா? பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தால், வாசலிலேயே குழம்பு மணத்தது.

"பாத்தியா, ஒன்ன ஒரு வார்த்த கேக்கல!"

"அப்புறம் எப்படி?"

"ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போன் போட்டு உங்கம்மாவக் கேட்டுக்கினேன்."

செருப்பைக்கூடக் கழற்றவில்லை, போன் அடித்தது. அம்மா.

"மாப்ள கேஸ அணைச்சாரான்னு பாருடி. எனக்கு இருப்புக்கொள்ளல."