ஒன்றுக்கு அடுத்தது பத்து

அந்த மஞ்சள் சீட்டை ஸ்கேனரில் வைத்ததும் கண்ணாடியெல்லாம் கிரீஸ். துணியால் துடைத்துக்கொண்டே போர்மேனை மனதுக்குள் திட்டினேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் நான் ஆபீஸ் வேலை பார்த்த வருடங்கள் அவை. இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் எந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிரிவுக்கு அவர்தான் போர்மேன். எதையும் வாயால் சொன்னதோடு விடமாட்டார்; எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். மூன்றாம் நம்பர் பிரஸ்ஸின் பாதுகாப்புக் கதவு வேலை செய்யவில்லை, ஓட்டக்கூடாது என்று அந்தச் சீட்டில் எழுதியிருந்தார். எழுதிய நான்காம் நாள், அதே பிரஸ்ஸில் ஓர் ஆபரேட்டருக்கு இரண்டு விரல்கள் போயின.

கவனக்குறைவு என்று சொல்லி அந்த ஆபரேட்டரை வேலையை விட்டு எடுக்கப் பார்த்தார்கள். முடிவு செய்ய வேண்டியது சென்னைத் தலைமை அலுவலகம். எல்லாக் காகிதங்களையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொன்னார்கள். மொத்தம் பத்து, முதலில் மேனேஜரின் அறிக்கை. போர்மேனின் சீட்டை என்ன செய்வது என்று மேனேஜரிடம் கேட்டேன். "எடுத்துட வேணாம், நாளைக்குக் கேள்வி வரும். கடைசில போட்டுடும்மா. அவ்ளோ தூரம் எவன் படிக்கப் போறான்?" என்றார். சரி சார் என்று தலையாட்டினேன்.

கோப்புகளுக்கு 1 முதல் 10 வரை பெயர் வைத்து, சேர்க்கும் மென்பொருளில் கொட்டி, பொத்தானை அழுத்தினேன். கவரைப்பேட்டைக்கு ரயில் பிடிக்கிற அவசரம். திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டு ஓடினேன். எண்களையும் எழுத்துகளைப் போலவே வரிசைப்படுத்தும் அந்த மென்பொருளுக்கு 1-க்கு அடுத்தது 10, அதற்குப் பிறகுதான் 2 என்பது எனக்கு எங்கே தெரியும்? தலைமை அலுவலகத்தில் மேனேஜரின் அறிக்கையைப் படித்த கையோடு போர்மேனின் சீட்டைப் படித்திருக்கிறார்கள். ஆபரேட்டரின் வேலை தப்பியது. மேனேஜருக்குச் செம டோஸ். இரண்டு வாரம் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

கேன்டீனில் எல்லார் எதிரிலும் போர்மேன், "இன்னா தைரியம்மா உனக்கு! நாங்கல்லாம் பயந்துக்குனு கெடந்தோம், நீ தூக்கி முன்னாடி வெச்சிட்டியே!" என்றார். ஐயோ, அது தெரியாமல் நடந்ததுண்ணா என்று சொல்ல வாய் வரவில்லை. பாராட்டு யாருக்குக் கசக்கும்? அந்த ஆபரேட்டர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் மூன்று விரல் கையைத் தூக்கி வணக்கம் வைப்பார். கூச்சமாக இருக்கும். பிடித்தும் இருந்தது.

இரண்டு வருடம் கழித்து இன்னொரு விபத்து, இன்னொரு ஆபரேட்டர். இந்த முறை போர்மேன், முன்பே எச்சரித்து எழுதியிருந்த தன் சீட்டை நேராக என் மேசைக்கே கொண்டுவந்தார். "நீ கீறியேம்மா, பாத்துக்குவ" என்றார். மேனேஜர் மறுபடியும், கடைசியில் போடு என்றார். என்னை நிரந்தரமாக்கும் காகிதம் அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்த வாரம் அது. அதற்குள் நானும் விவரம் கற்றிருந்தேன். 01, 02 என்று முன்னால் பூஜ்யம் போட்டுப் பெயர் வைத்தேன். வரிசை பிசகவில்லை. சீட்டு பத்தாவதாகவே போய்ச் சேர்ந்தது. ஒருவரும் அவ்வளவு தூரம் படிக்கவில்லை. அந்த ஆபரேட்டரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சேதி தெரிந்ததும் போர்மேன் என்னைத் தேடி வந்தார். திட்டப் போகிறார் என்று எழுந்து நின்றேன்.

"நீ முன்னாடிதாம்மா வெச்சிருப்ப. அவனுங்க படிச்சிருக்க மாட்டானுங்க. நீ இன்னா பண்ணுவ, உடு" என்றார்.

ஆமாண்ணா என்றேன்.