மிக்ஸி என்று சொன்னேன்

என் கணவர் கோயம்புத்தூரில் ஒரு ஃபவுண்டரியில் தொழில் பழகி, புனேக்கு வந்து இன்னொரு ஃபவுண்டரியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். வார்ப்பு மணலின் தூசி நுரையீரலில் தங்கிவிட்டது. இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்களில் மூச்சு மிகவும் குறைந்துபோய், வீட்டிலேயே ஆக்சிஜன் மிஷின் வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். காற்றை உள்ளே இழுத்து ஆக்சிஜனை மட்டும் பிரித்துத் தரும் மிஷின் அது. கரண்ட் இருந்தால்தான் ஓடும்.

அந்த வருடங்களில் புனேயில் நாங்கள் இருந்த நிக்டி பகுதியில் லோட் ஷெடிங் என்ற மின்வெட்டு கடுமையாக இருந்தது. காலை பத்து மணிக்குப் போனால் ஒரு மணிக்குத்தான் வரும். அந்த மூன்று மணி நேரமும் அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டிருப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவேன். விசிறுவதால் பயனில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"மணி என்ன?" என்பார்.

"பதினொண்ணாகப் போகுதுங்க."

அதற்குப் பிறகு கேட்க மாட்டார். பேசுவதற்கும் மூச்சு வேண்டுமே.

அவர் நோயை நாங்கள் வெளியே சொல்லவில்லை. மகளுக்கு வரன் பேசி முடித்திருந்தோம். மூச்சு வியாதி என்றால் டிபி என்றுதான் நம் ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று பயந்தோம். மாப்பிள்ளை வீட்டார் வந்தால் மிஷினைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தள்ளி, மேலே ஒரு பழைய சேலையைப் போட்டு மூடிவிடுவேன். அவர் சட்டை போட்டுக்கொண்டு அரை மணி நேரம் ஹாலில் உட்கார்ந்து சிரித்துவிட்டு வருவார். அவர்கள் போனதும் மூக்குக் குழாய்க்குக் கை நீட்டுவார்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடியில் சோலார் போட்டிருந்தார்கள். கரண்ட் போனாலும் அங்கே ஃபேன் சுற்றியது. நாமும் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தேன். வெளியே பேசுவதெல்லாம் எப்போதும் அவர்தான். இந்தி, மராட்டி இரண்டும் சரளமாகப் பேசுவார். நான் கடையில் விலை கேட்டால் இரண்டாவது கேள்வி கேட்காமல் வந்துவிடுகிறவள். ஆனாலும் சோலார் கடைக்குப் போனேன். போவதற்கு முன் மிஷினுக்குப் பின்னால் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தேன். முந்நூற்று ஐம்பது வாட். மிக்ஸியைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஐநூறு. பத்தாவது படித்தவளுக்கு எது பெரியது என்று தெரியாதா?

கடைக்காரர் நல்ல மனிதர். இந்தியில் நிதானமாகச் சொன்னார். மாடியில் வைக்கும் பேனல் வெயில் இருக்கும்போது மட்டும் கரண்ட் கொடுக்கும். அதை பேட்டரியில் சேர்த்துவைக்க வேண்டும். பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுவது இன்வெர்ட்டர். எனக்கு அது தண்ணீர்த் தொட்டி மாதிரி புரிந்தது. பிறகு அவர் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு, "என்னென்ன ஓடணும், ஒவ்வொண்ணும் எத்தனை மணி நேரம் ஓடணும், சொல்லுங்க பாபிஜி" என்றார்.

வாயைத் திறந்தேன். அப்போது பின்னாலிருந்து தமிழ்க் குரல் கேட்டது.

"என்னங்க, சூரியனையே வெலைக்கு வாங்க வந்தாச்சா?"

எங்கள் கோவில் பஜனைக்கு வரும் அம்மாள். பல்பு வாங்க வந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தவர்.

"சும்மா விசாரிக்கலாம்னு" என்றேன்.

"கேளுங்க, கேளுங்க. நானும் தெரிஞ்சுக்கறேன்" என்று பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு டியூப் லைட், ஒரு ஃபேன், மிக்ஸி" என்று கடைக்காரரிடம் சொன்னேன். ஐநூறைச் சொன்னால் முந்நூற்று ஐம்பது அதற்குள் அடங்கிவிடும் என்பது என் கணக்கு.

"மிக்ஸி எவ்வளவு நேரம்?"

மிக்ஸியை யார் மூன்று மணி நேரம் ஓட்டுவார்கள்? "பத்து நிமிஷம்" என்றேன். எழுதிக்கொண்டார்.

ஒரு வாரத்தில் பேனல் வந்தது, பேட்டரி வந்தது. மறுநாள் பத்து மணிக்குக் கரண்ட் போனது. மிஷின் நிற்கவில்லை. அவர் என்னைப் பார்த்து, "பரவால்லையே புள்ள" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அந்த நேரத்தில் படுத்துத் தூங்கினார். நான் துணி காயப்போட மாடிக்குப் போனேன். வெயிலில் அந்தப் பேனலைத் தொட்டுக்கூடப் பார்த்தேன்.

பதினொன்றே காலுக்கு இன்வெர்ட்டர் கூவியது. நான் இறங்கி வருவதற்குள் கூவல் நின்று, மிஷினும் நின்றிருந்தது. கட்டிலிலிருந்து எழ முயன்று பாதியில் சாய்ந்திருந்தார். உதடு நீலமாகியிருந்தது. தெருவில் நின்று கத்தினேன். முன்பின் பேசியிராதவர்கள் ஓடிவந்து ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

மறுநாள் கடைக்காரரை வீட்டுக்கு வரவழைத்தேன். உங்கள் சாமான் கெட்டுப்போனது என்று சண்டை போடுவதற்காக. அவர் பேட்டரியைச் சோதித்தார். பழுது ஒன்றும் இல்லை. மிஷினைப் பார்த்தார். அதன் தகட்டைப் படித்தார். என்னை நிமிர்ந்து பார்க்காமல் பேட்டரி அட்டைப்பெட்டியின் மேல் கணக்குப் போட்டுக் காட்டினார். நான் வாங்கிய பேனல் நாள் முழுக்க வெயில் குடித்தாலும் இந்த மிஷினுக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் தேறாது. மழைக்காலத்தில் அதுவும் இல்லை. வாட் எவ்வளவு என்பது பாதிதான், எத்தனை மணி நேரம் என்பதுதான் மீதி.

"உண்மையைச் சொல்லியிருந்தா, வாங்காதீங்கன்னு நானே சொல்லியிருப்பேன் பாபிஜி. ஆக்சிஜன் சிலிண்டர் ஒண்ணை வாடகைக்கு எடுத்து கட்டில் பக்கத்துல வெச்சுக்கங்கன்னு அனுப்பியிருப்பேன். அதுக்குக் கரண்டே வேண்டாம்."

சிலிண்டர் வீட்டுக்கும் கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. டாக்டரிடம் நான் கேட்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் விஷயம் தெரிந்து ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள். யாரும் என்ன வியாதி என்று கேட்கவில்லை. கல்யாணத் தேதியைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னார்கள்.

அவர்கள் போன பிறகு அவர் மாஸ்க்கை விலக்கினார். "கடைக்காரர் என்ன சொன்னார்?"

எல்லாவற்றையும் சொன்னேன்.

"மிக்ஸின்னா சொன்ன?"

"ஆமாங்க. பெருசைச் சொன்னா சின்னது அடங்கிரும்னு."

"என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல புள்ள?"

"பேசினா உங்களுக்கு மூச்சு வாங்குமேன்னுதான் கேக்கலீங்க."

அவர் மாஸ்க்கைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு எட்டு நாள் இருந்தார். வீட்டுக்கு வரவில்லை. அந்த எட்டு நாளும் நான் அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். தண்ணீர் வேண்டுமா, தலையணையை உயர்த்தவா, எங்கே வலிக்கிறது. எல்லாவற்றுக்கும் கையாலேயே வேண்டாம், இல்லை என்று காட்டினார். கடைசிக்கு முந்தைய நாள், பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். அதற்கு மட்டும் ஆமாம் என்று தலையசைத்தார்.