சம்பள நேரத்தில் ஒலித்த போன்கள்

அன்று சம்பளம் வாங்க எங்கள் பனியன் கம்பெனி டெய்லர் அக்காக்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மல்லிகா அக்கா மட்டும் வரவில்லை.

லைன் சூப்பர்வைசரான நான் செல்போன் செயலி ஒன்றில் ஐயாயிரம் கடன் வாங்கியிருந்தேன். கட்டி முடித்த பிறகும் இன்னும் கட்டச் சொல்லி மிரட்டினார்கள். பயந்து கட்டிக்கொண்டே இருந்தேன்.

திடீரென்று ஒவ்வொருவர் போனாக ஒலித்தது. ஓவர்டைமுக்கு அழைக்க என் போனில் பதிந்துவைத்த எண்களையெல்லாம் செயலி எடுத்திருந்தது.

"ஏனுங்க தம்பி, நீங்க கட்டலைன்னா என்ற போட்டோவ அசிங்கமா மாத்தி அனுப்புவானாமா?" என்றார் மரகதம் அக்கா.

மறுபடி கட்டப்போனேன். "கட்டக் கட்டக் கேப்பானுங்க. வாங்க, போலீசுக்குப் போலாம்" என்று போனைப் பிடுங்கிக்கொண்டார்.

புகாருக்குப் பின் மிரட்டல் நின்றது. இப்போது டெய்லர்களின் எண்களைப் பட்டன் போனில்தான் வைத்திருக்கிறேன்.

மல்லிகா அக்காவுக்கு முந்தின நாளே வந்த அழைப்பை அவர் கணவர் எடுத்திருக்கிறார். அதன்பின் அக்காவை வேலைக்கு அனுப்பவில்லை. நான் கட்டியது முப்பத்தோராயிரம். அவர் இழப்பது வாரம் மூவாயிரம்.